விலை கொடுத்து விருந்தாவது

விருந்து என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்பது பொருள். புதிய வகையில் யாக்கப்படும் செய்யுளையும் தொல்காப்பியம் விருந்து என்றே வழங்குகிறது. முன்பின் அறியாத ஒருவர் வாயிலில் வந்து நிற்கிறார், வீட்டுக்கு அவர் புதியவர், ஆகவே விருந்தினர். இல்வாழ்வான் பேண வேண்டியவர்களை எண்ணும்போது திருக்குறளும் விருந்தையும் சுற்றத்தையும் தனித்தனியே எண்ணுகிறது. உறவினருக்கு இடும் சோறு கடமை. அறியாதவருக்கு இடும் சோறே விருந்து.

இச்சொல்லைப் பற்றி நாம் எண்ணத் தொடங்கியது நம் அலுவல் காரணமாக. மொழிபெயர்ப்பாளர் மேசைக்கு 'கெஸ்ட்' என்னும் ஆங்கிலச் சொல் வரும்பொழுதெல்லாம் பேனாவைச் சற்றுக் கீழே வைக்க நேர்கிறது. அரசினர் விருந்தினர் இல்லத்தில் தங்குபவர் விருந்தினர், அதில் ஐயமில்லை. ஓர் இரவு தங்குவதற்கு ஒரு சிற்றூழியரின் மாதச் சம்பளத்தைக் கட்டணமாகச் செலுத்துபவரையும் அச்சொல்லால் அழைக்கலாமா? கடைக்காரர் அவரை வாடிக்கையாளர் என்பார். பெருவிடுதிகளோ அவரை ஒருநாளும் அவ்வாறு அழைப்பதில்லை. அறைச் சாவியிலும், கட்டில்மேல் வைத்திருக்கும் வரவேற்புச் சீட்டிலும், புறப்படும்போது நீட்டும் பில்லிலும் அவர் விருந்தினரே. விலை கொடுத்து விருந்தாக முடியுமா என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். அதற்கு நம் பெங்களூரைக் காட்டிலும் பொருத்தமான ஊர் அரிது.

விடுதிகளுள் ஒரு தனி இனம் உண்டு. அடுக்குமாடிகளாய் எழும்பி நிற்காமல், பரந்த தோட்டத்தின் நடுவே, செல்வர் ஒருவருடைய இல்லம் போலக் காட்சி தருவது அது. அங்கே உணவுக்கே முதலிடம். உறக்கம் அதன் துணை. வாடகைக்கு வந்தோம் என்னும் நினைவு வருபவருக்கு எழாதபடி பார்த்துக்கொள்வதே அதன் தொழில். இங்கிலாந்தில் இரண்டு உலகப் போர்களும் மரண வரியும் பெருங்குடும்பங்களை நலியச் செய்த பின்னர், நாட்டுப்புற மாளிகைகள் பல இவ்வாறு விடுதிகளாயின. பிரான்சிஸ் கூல்சன் என்பவர் 1940-களின் இறுதியில் ஏரி மாவட்டத்தில் ஒரு கல் வீட்டை வாங்கித் தாமே சமைத்துப் பரிமாறத் தொடங்கினார்; அவ்வகை விடுதிகளுக்கு அதனையே முன்னோடி என்பர். நம் நாட்டிலும் மன்னர்களின் மாளிகைகள் அவ்வழியே சென்றன. ஜயப்பூரின் ராம்பாக் அரண்மனை 1957-லும், உதயப்பூரின் ஏரி அரண்மனை 1963-லும் விடுதிகளாயின. மைசூரில் அரச விருந்தினருக்கென்று 1921-இல் எழுப்பிய லலித மகால் 1974-இல் அந்நிலையை எய்தியது. விருந்தினருக்காகவே கட்டிய மாளிகை விருந்தினரிடம் விலை பெறத் தொடங்கியது என்னும் வகையில் இம்மூன்றனுள் லலித மகாலின் கதையே நமக்குச் சுவையானது.

பெங்களூர் இவற்றுக்கெல்லாம் முந்தியது. 1887-இல் பிரான்சன் என்னும் ஆங்கில மாது, பந்தயத் திடலுக்கு எதிரே இருந்த மேட்டு நிலத்தில், பத்தே அறைகள் கொண்ட தங்கும் வீடொன்றைத் தொடங்கினார். இன்றைய வெஸ்ட் எண்ட் ஹோட்டலின் பிறப்பு அதுவே. 1912-இல் அதனைச் சென்னை ஸ்பென்சர் கம்பெனியார் வாங்கினர். 1984 முதல் தாஜ் நிறுவனத்தார் நடத்தி வருகின்றனர். பத்து அறைகள் பெருகின. தோட்டம் இருபது ஏக்கராக நிற்கிறது. அதன் வாயிலில் நுழைபவர் முதலில் காண்பது கட்டடத்தை அன்று, மரங்களையே. தூங்குமூஞ்சி மரங்கள் கிளைகளை அகல விரித்துச் சாலையின் இரைச்சலை வெளியே நிறுத்திவிடுகின்றன.

பிரான்சன் அம்மையார் தொடங்கிய காலத்தில் இப்படி ஒரு வீட்டுக்குத் தேவை எங்கிருந்து வந்தது? 1809-இல் ஆங்கிலேயர் இங்கே படைவீட்டை அமைத்தனர். 1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து இருப்புப்பாதை வந்தது. சென்னையின் வெயிலைத் தாங்காத அதிகாரிகளும் அவர்தம் குடும்பத்தாரும் இங்கு வந்து சில வாரம் தங்க விரும்பினர். வழிப்போக்கருக்கென அரசு அமைத்திருந்த டாக் பங்களாக்களின் உணவோ நகைப்புக்கு இடமாயிருந்தது. பயணி வண்டியை விட்டு இறங்கியதும் முற்றத்தில் ஓடும் கோழியைப் பிடித்து, அறுத்து, அரைமணி நேரத்தில் வாட்டி மேசையில் வைப்பர். அப்பண்டத்துக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் 'திடீர் மரணம்'. 1886-இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் என்னும் சொற்களஞ்சியம் இதனைத் தனிச் சொல்லாகவே பதிவு செய்திருக்கிறது. அகராதி படிப்பதைத் தொழிலாகக் கொண்ட நமக்கு அந்நூலில் மிகவும் பிடித்த பதிவுகளுள் அது ஒன்று.

சொந்தப் பங்களாவில் வாழ்ந்தவர்களின் வாழ்க்கை எத்தகையது என்பதற்குச் சிறந்த சான்று வின்ஸ்டன் சர்ச்சில். 1896-இல் குதிரைப்படை இளம் அதிகாரியாக அவர் பெங்களூர் வந்தார். நண்பர் இருவருடன் பணத்தைப் பொதுவாக்கி ஒரு பங்களாவை எடுத்துக்கொண்டார். இளஞ்சிவப்பும் வெண்மையுமான சுவர்கள், கனத்த ஓட்டுக் கூரை, அகன்ற தாழ்வாரம், ஏறத்தாழ இரண்டு ஏக்கர் நிலம், நூற்றைம்பது ரோஜாச் செடிகள். 1930-இல் வெளியிட்ட தம் இளமை வரலாற்றில் அவர் இவற்றையெல்லாம் விரிவாக எழுதுகிறார். மூவருக்கும் மூன்று பட்லர்கள். அம்மூவரும் தமக்குள் சண்டையின்றி வீட்டை ஆண்டனர் என்று வியக்கிறார். பணியாளரிடம் வீட்டை ஒப்படைத்துவிட்டால் கவலையே இல்லை என்பது அவர் கண்ட இன்பம். அந்த பட்லர்களின் பெயர்களை நாம் அந்நூலில் காணவில்லை. அவர் செலுத்தாமல் போன பதின்மூன்று ரூபாயோ 1899-ஆம் ஆண்டுக் கிளப் ஏட்டில் வாராக் கடனாய் எழுதப்பட்டு, பெங்களூர் கிளப்பில் இன்றும் புகழுடன் விளங்குகிறது. சேவகம் செய்தவர் பெயர் மறைந்துவிட்டது. செலுத்தாத பாக்கி நிலைத்துவிட்டது.

இந்தப் பங்களா வாழ்க்கையைத்தான் பிரான்சன் அம்மையார் போன்றோர் நாள் கணக்கில் விற்றனர். வீடும் வேண்டாம், பட்லரை அமர்த்தவும் வேண்டாம். வந்து இறங்கினால் போதும். சொல்லாமலே வெந்நீர் வரும். குறித்த நேரத்தில் மேசை விரிப்பு விரிந்திருக்கும். விளக்கு ஏற்றப்பட்டிருக்கும். யார் ஏற்றினார், எவ்வளவு நேரம் நீர் சுமந்தார் என்பது தெரியாது. இந்த அறியாமையே அவ்வில்லத்தின் முதன்மையான சரக்கு என்பது நம் கருத்து. தன் வீட்டில் ஒருவருக்குக் கிடைக்காததும், உறவினர் வீட்டில் கூசிக்கொண்டே பெறுவதுமான ஒன்று இங்கே கூச்சமின்றிக் கிடைக்கிறது. அக்கூச்சத்தை நீக்குவதற்கே விலை.

அவ்வளவு உழைப்பையும் கண்ணில் படாமல் செய்தவர்கள் யார்? இங்கேதான் இக்கதை நம்முடையதாகிறது. பெங்களூர்ப் படைவீடு சென்னைப் படையுடன் வந்தது. ஆதலால் அதன்பின் வந்தவர்களும் பெரும்பாலும் தமிழர்களே. ஒப்பந்தக்காரர், கணக்கர், கொத்தர், தோட்டக்காரர், சமையற்காரர், குதிரைக்காரர் எனப் பலர் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் குடியேறினர். அல்சூரும் அதைச் சுற்றிய தெருக்களும் அவர்களால் நிறைந்தன. அவர்களுள் செல்வரானவர்கள் உண்டு. ஆற்காடு நாராயணசாமி முதலியார் பள்ளிகள் நிறுவினார். அட்டார கச்சேரி என்னும் செந்நிறக் கட்டடத்தைக் கட்டியவரும் அவரே. பெயர் பொறிக்கப்படாதவர்கள் வீட்டின் பின்கட்டில் வேலை செய்தனர்.

அவர்களுக்கு ஒரு பொதுப்பெயர் மட்டும் கிடைத்தது. கர்னல் கென்னி-ஹெர்பர்ட் என்பவர் 'வைவர்ன்' என்ற புனைபெயரில் 1878-இல் சென்னையில் ஒரு சமையல் நூலை வெளியிட்டார். தென்னாட்டு ஆங்கிலேயர் இல்லங்களில் அது பெரும்புகழ் பெற்றது. அந்நூலில் சமையற்காரர் யாராயினும் அவர் பெயர் 'ராமசாமி'. ராமசாமியின் கைத்திறனை ஆசிரியர் மெய்யாகவே மதிக்கிறார். கற்பித்தால் பிரெஞ்சுப் பாகத்தையும் செய்வான் என்கிறார். உடனே அவனுடைய குறைகளையும் அடுக்குகிறார். நூலின் மிக நேர்மையான பகுதி சமையலறையைப் பற்றியது. புகையும் இருளும் நிறைந்த ஒரு கொட்டகையை வீட்டிலிருந்து தொலைவில் கட்டிவிட்டு, அங்கிருந்து வரும் உணவைக் குறை கூறுவது முறையன்று என்று தம் நாட்டாரையே கண்டிக்கிறார். சமையலறை வீட்டுக்கு அப்பால் இருந்தமைக்குத் தீயும் மணமும் காரணம் என்பர். கண்ணில் படக்கூடாது என்பதும் ஒரு காரணமே.

அக்கொட்டகையிலிருந்து மேசைக்கு வந்தவற்றுள் நம்முடைய மிளகுத் தண்ணீரும் ஒன்று. அது 'மல்லிகடானி'யாகி, இறைச்சியும் மாவும் சேர்ந்து கெட்டிப்பட்டு, சூப் என்னும் தகுதி பெற்றது. சென்னை மாகாண அதிகாரிகளுக்கே 'மல்' என்று பட்டப்பெயர் வழங்கியது அச்சொல்லின் சுருக்கமே. இதனைக் கேட்டு நாம் பெருமைப்படுவதா, வருந்துவதா என்று சொல்லத் தெரியவில்லை. இன்னொரு வியப்பும் உண்டு. 'ரெஸ்டாரெண்ட்' என்னும் சொல் பதினெட்டாம் நூற்றாண்டுப் பாரிஸ் நகரில் முதலில் ஓர் இடத்தைக் குறிக்கவில்லை. சோர்ந்த உடலைத் தேற்றும் இறைச்சிச் சாற்றின் பெயராக இருந்தது. சாற்றை விற்ற கடை பின்னர் அப்பெயரைப் பெற்றது. நம் பாட்டிமார் காய்ச்சல் தணிந்தவருக்கு மிளகுத் தண்ணீர் வைத்துக் கொடுத்ததும் அதே நோக்கத்துக்குத்தான். ஆக, இரண்டு மருந்துகள் மேசையில் சந்தித்து ஆடம்பரமாயின.

நம் தெருவில் வாழ்ந்த முதியவர் ஒருவர் இளமை முதல் ஒரு பெரிய விடுதியில் மேசைப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். விடுதியின் பெயர் வேண்டா. அவர் வீட்டில் தமிழ் பேசுவார், சந்தையில் கன்னடம், சிப்பாய்களிடம் இந்துஸ்தானி, மேசையருகே ஆங்கிலம். ஆங்கிலத்தில் எழுதத் தெரியாது. எனினும் நாள்தோறும் மாலையில் உணவுப் பட்டியலைச் சமையலறைக்குத் தமிழில் சொல்பவர் அவரே. 'கான்ஸமே' என்பது அவர் வாயில் 'தெளிஞ்ச சாறு'. 'கேரமல் கஸ்டர்ட்' என்பது 'கருக்கின சக்கரைப் பால்கட்டி'. நாம் வியந்து, அவர் நம் இனத்தவர் என்று சொன்னோம். அவர் சிரித்தார். சொல்லை மாற்றுவது எளிது தம்பி, துரை கோபமாகச் சொன்னதைச் சமையற்காரருக்குக் கோபமில்லாமல் சொல்வதுதான் வேலை என்றார். நம் அலுவலகத்தில் இருபது ஆண்டுகளாக நாம் கேட்ட பயிற்சி உரைகளுள் இவ்வளவு தெளிவானது ஒன்றுமில்லை.

இத்தகையோர் பேசிய ஆங்கிலத்தைப் பட்லர் இங்கிலீஷ் என்று கேலி செய்வது வழக்கம். கிராஸ் நகரப் பேராசிரியர் ஹூகோ ஷுகார்ட் 1891-லேயே இந்தியாவில் வழங்கிய ஆங்கிலத்தை ஆராய்ந்து எழுதுகையில் இதனையும் கருத்தில் கொண்டார். நடந்து முடிந்ததைக் காட்ட 'டன்' என்னும் ஒரே சொல்லை வினைக்கு முன் சேர்த்துக்கொள்ளும் சிக்கனமான இலக்கணம் அதற்குண்டு. இரண்டு மக்கள் ஒருவரோடொருவர் கூடி வாழ்வதற்கு வேண்டிய அளவு மொழி. அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை.

இனி, ஒரு மாற்றுக் காட்சியைப் பார்ப்போம். வெஸ்ட் எண்ட் தோட்டத்திலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில் பெங்களூர் நகர ரயில் நிலையம் இருக்கிறது. அதன் எதிரே குப்பி தோட்டதப்பா என்னும் வணிகர் வழிப்போக்கருக்கென ஒரு சத்திரத்தை நிறுவினார். 1903-இல் மைசூர் மன்னர் நாலாம் கிருஷ்ணராஜ உடையார் அதனைத் திறந்து வைத்தார். இந்நகரத் தெருக்களில் மின்விளக்கு முதன்முதலாக எரிந்தது அதற்குப் பின், 1905-இல். சத்திரம் இன்றும் இயங்கி வருகிறது. அருகிலேயே ஒரு நெடுஞ்சாலைக்குச் சுபேதார் சத்திரம் என்று பெயர். பேட்டைப் பக்கத்தில் சத்திரங்கள் பெற்றிருந்த இடத்துக்கு அப்பெயர் சான்று. இருபது ஆண்டுக்குள், ஒரே ரயில் கொண்டுவந்து சேர்த்த பயணிகளுக்கு, இரண்டு வகை வீடுகள் தோன்றின. ஒன்றில் கூரை அறத்தின் பாற்பட்டது. பயணி தன் படுக்கையைத் தானே விரிக்க வேண்டும். மற்றொன்றில் கூரை விலைக்கு வரும். படுக்கையைப் பிறர் விரித்துத் தருவர்.

சத்திரமே உயர்ந்தது என்று சொல்லிவிட்டு இப்பேச்சை முடிப்பது எளிது. நாம் அவ்வாறு கருதவில்லை. சத்திரங்கள் பலவற்றில் இன்ன சாதியார்க்கு இன்ன இடம் என்னும் வரையறை இருந்ததை நாடறியும். விலை என்பது ஒருவகையில் சமன் செய்வது. பணம் தந்தவரிடம் குலம் கேட்பதில்லை. இன்னொன்றும் உண்டு. பெங்களூரின் பழைய பங்களாக்களுள் பெரும்பாலானவை இடிந்து, அவற்றின் தோட்டங்கள் மாடிக் குடியிருப்புகளாய்விட்டன. சர்ச்சில் வாழ்ந்தது போன்ற ரோஜாத் தோட்டங்களை இன்று தேடினாலும் காண்பது அரிது. நகரின் நடுவில் இருபது ஏக்கர் மரங்கள் வெட்டுப்படாமல் நிற்பதற்கு, அம்மரங்களின் நிழலை இரவு இரவாக விற்க முடிந்ததும் ஒரு காரணம். ஆடம்பரம் காத்துக் கொடுத்த நிழல் அது.

ஒளிவு மறைவின்றி உணவு தரும் வழியும் இவ்வூரிலேயே உண்டு. மாவள்ளி டிபன் ரூம்ஸை நேயர்கள் அறிவர், 1924-இல் தொடங்கியது. அதனை நடத்திய யக்ஞநாராயண மையா 1951-இல் ஐரோப்பா சென்று அங்குள்ள உணவகங்களின் தூய்மையைக் கண்டு திரும்பினார். பாத்திரங்களை நீராவியால் தூய்மை செய்யும் முறையைக் கொணர்ந்ததோடு, உண்ண வருபவர்கள் சமையலறையைக் கண்டு செல்லவும் வழி செய்தார். தோசை வார்ப்பவர் முகத்தைப் பார்த்துவிட்டு வந்து அத்தோசையை உண்பதில் ஒரு நிறைவு உண்டு. நாட்டுப்புற மாளிகை விடுதியில் அது கிடையாது. அங்கே கதவு மூடியே இருக்கும். அண்மைக் காலத்தில் பெருவிடுதிகளும் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் சமையலைக் காட்டத் தொடங்கியுள்ளன. காட்டப்படுவது பெரும்பாலும் தலைமைச் சமையற்காரரின் வெள்ளைத் தொப்பிதான். பாத்திரம் கழுவும் தொட்டி அன்று.

நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பத்தார் இவ்விடுதிகளுக்குச் செல்வது வாழ்நாளில் ஓரிரு முறை: பெற்றோரின் அறுபதாம் ஆண்டு நிறைவு, மகளின் முதற் சம்பளம். உள்ளே நுழைந்ததும் குரல் தாழ்ந்துவிடுகிறது. எந்தக் கரண்டியை எடுப்பது என்ற அச்சம் சுவையைக் கெடுக்கிறது. அஞ்ச வேண்டியதில்லை, வெளியிலிருந்து உள்நோக்கி ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போனால் போதும். தெரியாத பண்டத்தைப் பற்றிப் பணியாளரைக் கேட்கலாம். அவர் தமிழராகவோ கன்னடராகவோ இருந்தால் நம் மொழியிலேயே கேட்கலாம்; அவர் முகம் மலர்வதைக் காணலாம். இரவு உணவை அவசரமின்றி உண்டு, விளக்குகள் தணிந்த பின் தோட்டத்தில் ஒரு சுற்று நடந்துவிட்டு உறங்கச் செல்வதே அங்கு நாம் கொடுக்கும் விலைக்குத் தக்க பயன். தொலைக்காட்சி நம் வீட்டிலும் இருக்கிறது.

விலையைப் பற்றிச் சில செய்திகள். நாள் வாடகை 7,500 ரூபாய்க்கு மேற்பட்ட அறைக்குச் சரக்கு மற்றும் சேவை வரி நூற்றுக்குப் பதினெட்டு. அறைக் கட்டணத்தை மட்டும் எண்ணிச் செல்பவர்கள் பில்லைக் கண்டு திகைப்பது இதனாலேயே. சேவைக் கட்டணம் என்று தனியே ஒரு தொகையைத் தாமாகச் சேர்த்துவிடும் பழக்கமும் உணவகங்களில் இருந்து வந்தது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், அதனைக் கட்டாயமாக விதிக்கலாகாது என நெறிமுறை வெளியிட்டது. உணவகச் சங்கங்கள் வழக்குத் தொடுத்தன. 2025 மார்ச்சில் தில்லி உயர்நீதிமன்றம் அந்நெறிமுறையை நிலைநிறுத்தியது. ஆகவே, பில்லில் அத்தொகையைக் கண்டால் நீக்கச் சொல்ல நமக்கு உரிமையுண்டு.

நீக்கச் சொன்ன பிறகு அப்பணத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவதா? பணம் கட்டாயமாய்ப் பறிக்கப்படலாகாது என்பதே சட்டத்தின் கருத்து. பரிமாறியவருக்கு ஒன்றும் கொடுக்கலாகாது என்பதன்று. இதைக் குறித்து அம்முதியவரிடம் ஒருமுறை கேட்டோம். அவர் காலத்தில் அன்பளிப்புகளை ஒரு தகரப் பெட்டியில் இட்டுச் சனிக்கிழமை இரவில் பங்கிடுவார்களாம். மேசைப் பணியாளருக்கு முழுப் பங்கு, சமையற்காரருக்குப் பாதி. பாத்திரம் கழுவுபவருக்கும் வெந்நீர் சுமப்பவருக்கும் பங்கே இல்லை. அவர்களை விருந்தினர் யாரும் பார்த்ததில்லை. பார்க்காதவருக்கு யார் கொடுப்பார் என்பது அந்நாளைய நியாயம். ஒரு மழைக்காலத்தில் வெந்நீர் சுமப்பவர் இருவர் காய்ச்சலாய்ப் படுத்துவிட, மேசைப் பணியாளர்களே இரண்டு நாள் அண்டா தூக்க நேர்ந்ததாம். மூன்றாவது சனிக்கிழமை பெட்டியைத் திறந்தபோது எவரும் சொல்லாமலே பங்குகளின் எண்ணிக்கை இரண்டு கூடியிருந்தது. நிர்வாகத்துக்கு அது தெரியுமா என்று கேட்டோம். பெட்டி எங்களுடையது, அவர்களுக்கு எதற்குத் தெரிய வேண்டும் என்றார் அவர்.